அலுமாரிக்குள் இருந்த நல்ல கார்ட்

காரின் முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் சின்னக் கமராவுக்கு ஒரு மெமரி கார்ட் தெரிவு செய்வதில் நான் விட்ட பிழையால், கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்த ஒரு மீன்காரருக்குத் தன்மேல் குற்றமில்லை என்று காட்ட வழியில்லாமல் போயிற்று. பிழை என்னுடையது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நான் கணிதம் படிப்பிக்கிறவள். விடை பிழைத்தால், எந்தப் படியில் பிழைத்தது என்று தேடிப் பிடிக்கும்படி பிள்ளைகளை ஆக்கினைப்படுத்துவேன். அதையே இங்கே எனக்கு நான் செய்து பார்க்கிறேன்.

எங்கள் வீடு இரணைமடுப் பக்கம். பள்ளிக்கூடம் மல்லாவியில். பெரிய வீதியால் மாங்குளம் வரை வந்து, அங்கே மேற்கே திரும்பினால் பிறகு நேர்ப்பாதைதான். போக ஒரு மணித்தியாலம், வர ஒரு மணித்தியாலம். அந்தப் பாதையில் மாடுகளுக்கு எங்களைவிட உரிமை கூட. ஒருநாள் ஒரு கன்று என் காரில் வந்து மோதியது. சரியாகச் சொன்னால், மாடுகள் கடக்கட்டும் என்று நிறுத்தி வைத்திருந்த காரில் அது ஓடிவந்து மோதியது. கன்றுக்குச் சொந்தக்காரர் வந்து, நான் பறந்து வந்ததாக வீதிக்கே கேட்கும்படி சத்தம் போட்டார். நாற்பது பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்குகிற நான், அவர் முன்னால் வாயடைத்துப் போய் நின்றேன். கன்று எழும்பித் தன்பாட்டில் புல் மேயப் போய்விட்டது. அவர் மட்டும் ஓயவில்லை.

சுவிஸில் இருக்கிற தம்பியிடம் இதைச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு விடுமுறையில் ஊருக்கு வந்த ஒருவரிடம் இந்தக் கமராவைக் கொடுத்தனுப்பினான். "இனி நீ வாயைத் திறக்கத் தேவையில்லை அக்கா. உனக்குப் பதிலா இது கதைக்கும்" என்றான். அந்த வார்த்தை எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

கமரா வந்தது, அதற்குள் கார்ட் இல்லை. கிளிநொச்சிச் சந்தைப் பக்கம் ஒரு போன் கடையில் கேட்டேன். "எந்தக் கார்ட் எண்டாலும் ஓடும் டீச்சர்" என்றார் கடைக்காரர். முன்னால் தொங்கிக்கொண்டிருந்த ஒன்றைப் பிய்த்துத் தந்தார். உறையில் பெரிய எழுத்தில் கொள்ளளவு பெரிய எண்ணாகப் போட்டிருந்தது. எண்ணைக் கண்டால் நம்பிவிடுகிற வியாதி எனக்கு உண்டு. கமராவும் அதை ஏற்றுக்கொண்டு, திரையில் சிவப்புப் பொட்டு மினுங்க ஓடத் தொடங்கியது.

முதல் கிழமையிலேயே அதன் போக்கை ஒரு கொப்பியின் பின்பக்கத்தில் கணக்குப் பார்த்தேன். மூன்று மூன்று நிமிடத் துண்டுகளாகப் படத்தைச் சேர்த்து வைக்கும். கார்ட் நிறைந்ததும் மிகப் பழைய துண்டை அழித்து, அந்த இடத்தில் புதியதை எழுதும். என் ஓட்டத்துக்கு மூன்று நாளில் நிறைந்துவிடும். அப்படியென்றால் மாதத்துக்கு ஏழெட்டுத் தரம் முழுக்க எழுதி முழுக்க அழிக்கிறது. கரும்பலகையைப் போலத்தான் என்று எண்ணிச் சந்தோஷப்பட்டேன். எங்கள் பள்ளிக்கூடத்துக் கரும்பலகை அழித்து அழித்தே நரைத்துப்போய் எழுத்துப் பிடிக்காமல் கிடப்பது அந்த நேரம் ஞாபகத்துக்கு வரவில்லை.

அதை எனக்கு விளங்க வைத்தவர் முல்லைத்தீவு நகரத்தில் கடை வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் நாநா. ஆசிரியர் பயிற்சிக்காக அங்கே போயிருந்தபோது, மத்தியான இடைவேளையில் போனுக்கு சார்ஜர் வாங்க அவருடைய கடைக்குள் நுழைந்தேன். இடம்பெயர்ந்து புத்தளத்தில் இருபது வருடத்துக்கு மேல் இருந்துவிட்டு, திரும்பி வந்து அதே தெருவில் மீண்டும் கடை திறந்தவர். பேச்சுவாக்கில் கமராவைப் பற்றிச் சொன்னேன். என்ன கார்ட் போட்டிருக்கிறேன் என்று கேட்டார். சொன்னதும் முகத்தைச் சுளித்தார்.

"அது போனுக்குப் போடுற சாமான் டீச்சர். போன்ல நாலு படம் எடுப்பீங்க, பாட்டு வைப்பீங்க, அது அப்பிடியே கிடக்கும். கமரா அப்பிடியில்ல. எழுதும், அழிக்கும், எழுதும், அழிக்கும். ஓய்வே இல்ல. போதாக்குறைக்குக் கண்ணாடிக்குக் கீழ நாள் முழுக்க வெயில். உங்கட கார்ட் தாங்காது."

"இப்ப நல்லாத்தானே ஓடுது?"

"ஓடுற மாதிரித்தான் இருக்கும். சாகிற நேரம் அது சொல்லிப்போட்டுச் சாகாது."

பிறகு கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து ஒரு கார்டை எடுத்தார். விடாமல் பதிவு செய்கிற கமராக்களுக்கென்றே செய்தது, சூடும் தாங்கும், அழித்து எழுதுவதையும் பலமடங்கு தாங்கும் என்றார். அதில் போட்டிருந்த எண், என்னிடம் இருந்ததில் பாதி. குறைவாக இருக்கிறதே என்றேன். "கமராவோட புத்தகத்தில எவ்வளவு வரை போடலாம் எண்டு எழுதியிருக்கும். அதுக்குள்ளதான் நிக்க வேணும். பெரிய நம்பரப் பாத்து வாங்கிறது பிழை" என்றார். எண்ணைப் பற்றி எனக்கே ஒருவர் பாடம் எடுக்கிறார் என்று உள்ளுக்குள் சிறிது எரிந்தது. அவர் சொன்னதெல்லாம் சரியாகத்தான் இருந்தது.

அவர் கார்டை உடனே தரவும் இல்லை. போலிக் கார்டுகள் நிறைய வருகின்றன, உறையில் ஒன்று எழுதியிருக்கும், உள்ளே அதில் காற்பங்கும் இருக்காது என்றார். ஒரு கதிரையைக் காட்டி என்னை இருத்தினார். கார்டைக் கணினியில் செருகி, அது கழுத்துவரை நிறையும்வரை எழுதவிட்டு, எழுதியதெல்லாம் திரும்ப வாசிக்க வருகிறதா என்று பார்த்தார். அதற்குள் எனக்கு இரண்டு பிளேன்டீ வந்தது. பயிற்சியின் பின்நேரப் பகுதி தொடங்கிவிட்டது, எனக்கு அதில் பெரிய கவலையும் இல்லை. கடைசியில் சரி என்று தலையாட்டி, கார்டை என் உள்ளங்கையில் வைத்தார்.

"கிழமைக்கு ஒருக்கா ஒரு படத்தை எடுத்துப் பாருங்க. மாசத்துக்கு ஒருக்கா கமராவுக்குள்ள வச்சே முழுசா அழிச்சுப் புதுசாக்குங்க. இண்டைக்கே போடுங்க டீச்சர்."

ஓம் என்றேன். போடவில்லை.

இந்தப் படியில்தான் பிழைத்தது. அன்று பின்னேரம் காருக்குள் இருந்து அந்தக் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நல்ல சாமான். சோதித்து வாங்கிய சாமான். கமராவுக்குள் ஏற்கெனவே ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. அது முடியும்வரை ஓடட்டும், ஏதும் நடந்தால் இதைப் போடலாம் என்று நினைத்தேன். ஏதும் நடந்த பிறகு கார்ட் போட்டு என்ன பயன் என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைகூடக் கேட்கும். எனக்கு அந்தக் கேள்வி வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் கார்டை உறையோடு ஒரு சொப்பிங் பைக்குள் சுற்றி, அலுமாரியில் இருக்கிற ஆவணப் பைக்குள் வைத்தேன்.

அந்தப் பையைப் பற்றி வன்னியில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எல்லா வீட்டிலும் ஒன்று இருக்கும். பிறப்புச் சான்றிதழ்கள், காணி உறுதி, பரீட்சைப் பெறுபேறு, எஞ்சிய இரண்டு மூன்று புகைப்படங்கள். மழை நனைக்காதபடி ஒன்றுக்குமேல் ஒன்றாக உறை போட்டு, கையை நீட்டினால் எடுக்கக்கூடிய இடத்தில் வைத்திருப்போம். போருக்குள் ஓடிய காலத்தில் பாவனையில் இருந்ததெல்லாம் இருந்த இடத்திலேயே போயிற்று. அடுப்பில் இருந்த பானை, கொடியில் காய்ந்த சேலை, மேசையில் விரித்தபடி கிடந்த புத்தகம் எல்லாமே போயிற்று. பைக்குள் இருந்தது மட்டும் எங்களோடு முள்ளிவாய்க்கால் வரை வந்து, அதையும் தாண்டி வந்தது. அதனால் நல்லது என்றால் பைக்குள் வை என்று கை தானாகப் போகும். வீட்டில் தட்டுத்தடுமாறி எரிகிற டோர்ச் வெளியில் கிடக்கும், நல்ல டோர்ச் அலுமாரியில் இருக்கும். என் கணவர் இதைச் சொல்லியே என்னைப் பகிடி பண்ணுவார். "உம்மை விட்டால் என்னையும் ஒரு சொப்பிங் பைக்குள்ள போட்டு உள்ள வைச்சிடுவீர்" என்பார். நல்ல சாமானைத்தானே உள்ளே வைப்பது, நீங்கள் பயப்படத் தேவையில்லை என்பேன்.

சில மாதம் இப்படிப் போயிற்று. சிவப்புப் பொட்டு மினுங்கியது. எடுத்துப் பார்க்கவேண்டும் என்று ஒவ்வொரு ஞாயிறும் நினைத்தேன். நினைத்ததோடு சரி.

அந்தக் காலை மாங்குளம் தாண்டி வந்துகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் மீன்காரர். பின்னால் பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிளில் இரணைமடுக் குளத்து மீனைக் கொண்டுவந்து அந்தப் பாதையில் விற்கிறவர். நாள்தோறும் காண்பேன். ஒரு சின்ன ஒழுங்கை பிரிகிற இடத்தில் அவர் வலப்பக்கம் திரும்பவேண்டும். சிக்னல் போட்டார். அது போதாதென்று வலக்கையையும் நீட்டினார். நான் வேகத்தைக் குறைத்தேன். அந்த நேரம் எனக்குப் பின்னால் வந்த மணல் டிப்பர் லொறி ஒன்று, ஹோர்னும் அடிக்காமல், என் காரை வலப்பக்கத்தால் முந்திக்கொண்டு போய், திரும்பிக்கொண்டிருந்த அவரை அடித்தது.

சத்தத்தை எழுத விரும்பவில்லை. வீதி முழுக்க மீன். காரை நிறுத்தி ஓடினேன். மீன்காரர் கண்ணை விழித்தபடி கிடந்தார், ஒரு கால் இருக்கக்கூடாத கோணத்தில் இருந்தது. எதிர்ப்பக்கத் தேத்தண்ணிக் கடைக்காரர் ஓடிவந்து அவருடைய தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். பஸ்ஸுக்கு நின்ற நாலைந்து பேரும் கூடினார்கள். டிப்பர் சாரதி இறங்கிய கையோடு, "சிக்னலும் இல்லாமல் குறுக்க வெட்டினவர்" என்று சொல்லத் தொடங்கிவிட்டார். அவரோடு வந்தவரும் ஓம் ஓம் என்றார்.

அம்புலன்ஸ் வந்து மீன்காரரை ஏற்றிப்போன பிறகு பொலிஸ் வந்தது. ஆர் கண்டது என்று கேட்டார் ஓர் உத்தியோகத்தர். எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அப்போது தேத்தண்ணிக் கடைக்காரர் என் காரைக் கையால் காட்டினார்.

"டீச்சரின்ர காரில கமரா இருக்கு. எல்லாம் அதில வந்திருக்கும்."

அவ்வளவுதான். எல்லார் முகத்திலும் ஒரு நிம்மதி பரவியதைக் கண்டேன். ஒருவர் பஸ்ஸுக்குப் போனார், ஒருவர் சைக்கிளை எடுத்தார். அந்த நிம்மதி எனக்கும் வந்தது. "ஓம், கமராவில இருக்கும்" என்று சொல்லி, என் போன் நம்பரைக் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். நான் கண்டேன் என்று ஒரு சொல் சொல்லவில்லை. அந்த நேரம் அது எனக்கே தெரியவும் இல்லை.

பின்னேரம் வீட்டுக்கு வந்து கார்டை எடுத்து லப்டொப்பில் போட்டேன். துண்டுகள் வரிசையாக இருந்தன. கடைசித் துண்டைத் திறந்தேன். பள்ளிக்கூடத்து வாசல் வளைவு, அதில் இல்லங்களுக்கிடையிலான விளையாட்டுப் போட்டிக்குக் கட்டிய தாள்கொடிகள். விளையாட்டுப் போட்டி முடிந்து ஆறு கிழமை. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. அழித்துப் பார்த்தேன், அழியவில்லை. எழுதிப் பார்த்தேன், எழுதவில்லை. ஆறு கிழமையாக அந்தக் கார்ட் செத்துக் கிடக்க, கமரா ஒன்றுமே நடக்காததுபோலச் சிவப்புப் பொட்டை மினுக்கிக்கொண்டு இருந்திருக்கிறது.

தலையில் கை வைத்தபடி இருந்தேன். கணவர் வந்து பார்த்துவிட்டு, "நல்லது ஒண்டு வாங்கினனீர் எல்லோ, அது எங்க?" என்றார். அலுமாரியைக் கையால் காட்டினேன். வழமையான பகிடியை எதிர்பார்த்தேன். அவர் பகிடி விடவில்லை. அது இன்னும் வலித்தது.

"அப்ப அந்த மனுசன்ர வீட்டுக்கு என்ன சொல்லப் போறீர்?"

"கார்ட் பழுது எண்டு சொல்லுவன்."

"அவ்வளவுதானோ?"

"வேற என்ன சொல்லக் கிடக்கு?" என்று சீறினேன். அவர் வயலுக்குத் தண்ணீர் மாறிக் கட்டப் போய்விட்டார்.

அடுத்த நாள் பின்னேரம் மீன்காரரின் மனைவி வந்தார். ஆஸ்பத்திரியில் இருந்து நேராக பஸ்ஸில் வந்திருந்தார், கையில் சாப்பாட்டுக் கரியர். கால் இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது என்றார். டிப்பர் தரப்பில் இரண்டு பேர் ஏற்கெனவே வாக்குமூலம் கொடுத்துவிட்டார்கள், தன் புருசன்மேல்தான் பிழை என்று. இப்படியே போனால் வழக்கு அவர்மேல் வரும், லைசன்ஸும் போகும், மோட்டார் சைக்கிள் ஓடாமல் மீன் விற்பதெப்படி என்றார். தேத்தண்ணிக் கடைக்காரரிடமும் பஸ் தரிப்பில் நின்றவர்களிடமும் போய்க் கேட்டுவிட்டாராம். எல்லாரும் ஒரே விடையைச் சொன்னார்கள். டீச்சரின் கமராவில் இருக்கிறது, எங்களுக்கு என்னத்துக்கு வீண் வேலை என்று.

கதிரையில் இருத்தி, உள்ளதைச் சொன்னேன். கார்ட் பழுதாகிவிட்டது, ஒன்றும் பதியவில்லை என்றேன். நல்ல கார்ட் அலுமாரிக்குள் இருந்ததையும் சொன்னேன். மறைத்திருக்கலாம், மறைக்க மனம் வரவில்லை. அழுவார் என்று நினைத்தேன். அவர் அழவில்லை. என்னைச் சரியாக விளங்காதவர்போல ஒருகணம் பார்த்தார்.

"படம் இல்லாட்டிப் பரவாயில்லை டீச்சர். நீங்கள் பின்னால வந்தனீங்கள்தானே? கண்டனீங்கள்தானே?"

எனக்குக் கோபம் வந்தது. முதலில் அவர்மேல் என்றுதான் நினைத்தேன். என் வீட்டுக் கதிரையில் இருந்துகொண்டு என்னைப் பொலிசுக்குப் போகச் சொல்கிறாரே என்று. பிறகுதான் அது பயம் என்று தெரிந்தது. போர் முடிந்து முகாமில் அடைபட்டிருந்த நாட்களில் எங்களிடம் எத்தனையோ பேர் எத்தனையோ கேள்வி கேட்டார்கள். ஆரைத் தெரியும், என்ன கண்டாய், எங்கே நின்றாய். தெரியாது, காணேல்லை என்பதுதான் எங்களைக் காப்பாற்றிய விடை. அந்த விடையைப் பாடமாக்கிவிட்டோம். கேள்வி மாறிய பிறகும் அதே விடையைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறோம். தம்பி கமரா அனுப்பியபோது நான் ஏன் அவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்பதும் அப்போது விளங்கியது. எனக்கு வேண்டியிருந்தது சாட்சி இல்லை. நான் சாட்சியாக நிற்காமல் இருப்பதற்கு ஒரு சாமான்தான் வேண்டியிருந்தது. வெட்கமாக இருந்தது, அந்தப் பெண் முன்னால் நிமிர்ந்து பார்க்க முடியாத அளவு வெட்கம்.

"பிள்ளை, இந்தத் தேத்தண்ணியைக் குடியும். குடிச்சிட்டுப் போவம்" என்றேன்.

"எங்க டீச்சர்?"

"பொலிசுக்கு."

கணவரும் கூடவர உடுப்பை மாற்றிக்கொண்டு வந்தார். வேண்டாம், நானே போவேன் என்றேன். வழியெல்லாம் அந்தப் பெண் வெறும் கரியரை மடியில் வைத்தபடி வந்தார். ஒழுங்கையடியில் காரை நிறுத்தி, தேத்தண்ணிக் கடைக்குள் போனேன். "என்ர கமராவில ஒண்டும் பதியேல்லை. நான் கண்டதைச் சொல்லப் போறன்" என்று கடைக்காரரிடம் சொன்னேன். வேறொன்றும் கேட்கவில்லை. அவர் கேத்திலைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் பிறகு என்ன செய்தார் என்பது அவருடைய கதை. நான் எழுத உரிமையுள்ளது என்னுடையதை மட்டும்தான்.

பொலிஸ் நிலையத்தில் அதே உத்தியோகத்தர் இருந்தார். தமிழ் ஆள்தான், வயது குறைவு. கமராப் பதிவைக் கொண்டுவந்தேனா என்று கேட்டார். இல்லை, பதியவில்லை என்றேன். புத்தகத்தை மூடப்போனார். வாக்குமூலம் கொடுக்க வந்தேன் என்றேன். மறுபடி திறந்தார். சிக்னல், நீட்டிய கை, ஹோர்ன் அடிக்காமல் முந்திய டிப்பர், எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னேன். அவர் மெல்ல எழுதினார். எழுதிக்கொண்டிருந்தவர் பேனையை நிறுத்தி நிமிர்ந்தார்.

"டீச்சர், இது நீங்கள் கண்ணால கண்டதோ, இல்லாட்டி கமராவில பாத்ததோ?"

"கண்ணால கண்டனான்."

ஐம்பத்தாறு வயதில், இப்படியொரு மேசைக்கு முன்னால் இருந்து, அந்த வசனத்தை முதன்முறையாகச் சொன்னேன். அவர் புத்தகத்தைத் திருப்பி வைத்து, கீழே கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். அது என் கையெழுத்தைப்போலவே இல்லை. அடையாள அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, திரும்பவும் போடுங்கோ என்றார். அந்தப் பெண் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பவும் போட்டேன்.